திவே கணவாயில் ஒரு பகல்

பண்டரிபுரத்துக்குக் கால்நடையாகச் செல்லும் வார்க்கரி பக்தர்களுக்குப் புனேயிலிருந்து சாஸ்வட் வரையுள்ள சுமார் 30 கிலோமீட்டர்தான் மிகக் கடினமான நாள். ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கி வரும் ரதம் திவே கணவாயில் ஏறுவதற்கு, வழக்கமான ஒரு ஜோடிக் காளைகள் போதாமல் இன்னும் பல ஜோடிகளைப் பூட்டுகிறார்கள். எங்களுக்கோ ஆளுக்கு இரண்டே கால்கள்!

ஆனி மாதத் தூறலில் நனைந்த நண்பர், "இன்னும் எத்தனை வளைவு?" என்று ஐந்தாம் முறையாகக் கேட்டார். துளசி மாடத்தைத் தலையில் சுமந்த மூதாட்டி ஒருத்தி, "சலா, மௌலி!" என்று சொல்லிக்கொண்டே எங்களைக் கடந்து போனாள். 'நடவுங்கள், தாயே' என்பது பொருள். ஞானேசுவரருக்குரிய 'மௌலி' என்னும் அப்பெயராலேயே இவ்வழியில் ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். ஒருவர் காலில் ஒருவர் விழுகிறார்கள்.

ஆனால் சோற்று வேளையில்? சென்ற நூற்றாண்டின் நடுவில் இவ்வழி நடந்த ஐராவதி கார்வே அம்மையார், சேர்ந்து பாடியவர்கள் ஜாதிவாரியாகப் பிரிந்து உண்டதைக் கண்டு மனம் நொந்து எழுதினார். பண்டரிபுரத்துக் கோயிலோ, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோருக்கு அடைத்தே கிடந்தது. 1947-ல் ஸானே குருஜி சோறு துறந்து நோன்பிருந்த பின்னரே கதவு திறந்தது. அவர்களிற் பிறந்த சோகாமேளரின் பாடல்களை மட்டும் வழியெல்லாம் யாவரும் பாடி வந்தார்கள். அவர் சமாதி இருப்பதோ கோயில் வாசலுக்கு வெளியே.

சாஸ்வடில் இருட்டிய பின் எங்கள் திண்டிக்குப் பந்தி போட்டார்கள். (திண்டி என்றால் பஜனைக் கூட்டம், தின்பதற்கன்று என்று நண்பருக்கு விளக்க நேர்ந்தது!) சோள ரொட்டியும் கடலைமாவுக் குழம்பும் வந்தன. நண்பர் உண்ணாமல் இக்கோடி முதல் அக்கோடி வரை பார்த்தார்.

"வரிசை ஒன்றுதான்" என்றார் மெதுவாக. பிறகுதான் ரொட்டியைப் பிட்டார்.