கடமை, குடிமை, இறையிலி: ‘வரி கட்டுகிறவர்’ என்னும் தன்னிலை

“எங்க வரிப்பணத்துல இவங்களுக்கு ஓசி பஸ்ஸு, மாசம் ஆயிரம் ரூபா.” 2021இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் 2023இல் மகளிர் உரிமைத் தொகையும் வந்த பிறகு, அம்பத்தூரிலும் ஆவடியிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. வெறும் வயிற்றெரிச்சல் என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. இந்தச் சொல்லாடலுக்குள் ஒரு தன்னிலை கட்டமைக்கப்படுகிறது: வருமான வரி கட்டுகிறவரே குடிமகன்; மற்றவரெல்லாம் கை நீட்டுகிறவர். இந்தச் சமன்பாடு எதை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்பதே நம் கேள்வி.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பது அறக்கட்டளை அல்ல, நிலவரி. ‘குடிமை’ என்பது குடிகள் செலுத்த வேண்டியவற்றுள் ஒன்று. தறி வைத்திருந்தவர் தறியிறை கட்டினார். செக்கு வைத்திருந்தவர் செக்கிறை கட்டினார். வரி நீக்கப்பட்ட நிலத்துக்கு ‘இறையிலி’ என்று பெயர். கோயிலுக்கும் பிராமணருக்கும் விடப்பட்ட நிலங்கள் பலவும் அவ்வகையின. இன்று கடமையும் குடிமையும் நற்பண்பின் பெயர்களாகிவிட்டன. அவற்றுக்குள் இருந்த வரி மறந்துபோய்விட்டது. யார் கட்டினார்கள், யாருக்கு விலக்குக் கிடைத்தது என்பதும் கூடவே மறந்துபோய்விட்டது.

தறியிறையின் தூரத்து வாரிசு ஒன்று இன்றும் உயிரோடிருக்கிறது. அதன் பெயர் தொழில் வரி. உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிப்பது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அந்த மாநகராட்சியின் பட்டியலில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால் வரி தொடங்குகிறது. 75,000ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். அதற்கு மேல் தட்டே இல்லை. அரசியல் சட்டத்தின் 276ஆம் உறுப்பு தொழில் வரிக்கு உச்சவரம்பு கட்டியிருக்கிறது: முதலில் ஆண்டுக்கு 250 ரூபாய், 1988இன் 60ஆம் திருத்தத்துக்குப் பிறகு 2,500. ஆகவே தொழிற்பேட்டையில் மாதம் 13,000 ரூபாய் வாங்கும் லேத் தொழிலாளியும், அதே கம்பெனியின் நிர்வாக இயக்குநரும் ஒரே தொகையைத்தான் கட்டுகிறார்கள். 2024இல் மாநகராட்சி மன்றம் விகிதங்களை உயர்த்தத் தீர்மானித்தபோது உயர்ந்தவை கீழ்த்தட்டுகள் மட்டுமே. 135 ரூபாய் 180 ஆயிற்று. மேல்தட்டு வரம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

அப்படிப்பட்ட தொழிலாளி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “நாங்க எங்க சார் வரி கட்றோம்?” என்றார். பே ஸ்லிப்பில் ‘பி.டி.’ என்று கழித்திருந்ததை அவர் வரியாகவே நினைக்கவில்லை. அவருடைய செல்போன் ரீசார்ஜில் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. இருக்கிறது: 299 ரூபாய் கொடுத்தால் அதில் 45 ரூபாய்க்கு மேல் வரி. அடுக்குமாடிக்காரரின் வாக்கியத்தை இவரும் நம்புகிறார் என்பதுதான் அந்த வாக்கியத்தின் வெற்றி. ஆனால் அரசு இவரை மறக்கவில்லை. மகளிர் உரிமைத் தொகைக்குத் தகுதியில்லாதவர் பட்டியலில், ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் ஈட்டித் தொழில் வரி கட்டுகிறவரும் இருக்கிறார். பேச்சில் ‘வரி கட்டாதவர்’. விலக்கும்போது ‘வரி கட்டுகிறவர்’.

இனி, அடுக்குமாடிக்காரரின் வரி. 2025 பட்ஜெட்டின்படி, புதிய முறையில் 12 லட்ச ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000ஐயும் சேர்த்தால் 12.75 லட்சம். இதை ‘விலக்கு’ என்று சொல்வது சரியல்ல. விலக்கு வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் தட்டு வாரியாக வரி கணக்கிடப்பட்டு, பிறகு தள்ளுபடி செய்யப்படுகிறது. ஆகவே மாதம் 45,000 வாங்குகிறவருக்கு வரி கிடையாது, ஆனால் கணக்குத் தாக்கல் உண்டு. பணம் வாங்காமலே வருமானத்தை ஒப்புக்கொள்ள வைப்பது வசூலைவிட நுட்பமான அதிகாரம். ஃபூக்கோ படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

12.75 லட்சத்துக்கு மேல் வாங்குகிறவரின் மனக்குறை பொய் என்று நான் சொல்லவரவில்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்தம் நடந்துவிடுகிறது, ஒளிக்க இடமில்லை. வரியின் மேல் நான்கு சதவீதம் ‘செஸ்’ வேறு. அதை மத்திய அரசு மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. அதாவது அந்தப் பேருந்தை ஓட்டும் தமிழ்நாட்டு அரசுக்கு அவருடைய செஸ்ஸில் பங்கு கிடையாது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியின் அடிப்படை விகிதம் 30இலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2023-24இல் தனிநபர் வருமான வரி வசூல் கம்பெனி வரி வசூலைத் தாண்டியிருந்தது. கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. கோபம் போகும் திசைதான் கோணல்.

திசை எப்படி மாறிற்று என்பதற்கு ஆவடியே சாட்சி. ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் 1955 ஜனவரியில் நிறைவேற்றியது இங்கேதான். அடுத்த ஆண்டு பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டார் இந்திய வரிச் சீர்திருத்தம் பற்றி அறிக்கை தந்தார்: வருமானத்தை மட்டும் பார்த்தால் போதாது, சொத்து, செலவு, நன்கொடை, மூலதன ஆதாயம் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்தால்தான் பணக்காரர் பிடிபடுவார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியும் செலவு வரியும் கொண்டுவந்தார். 1958இல் நன்கொடை வரி வந்தது. மரணமடைந்தவரின் சொத்து மீதான வரி 1953 முதலே இருந்தது. இவற்றில் பல சரியாக வசூலாகவில்லை என்பது உண்மை. ஆனால் வசூலைச் சரிசெய்வதற்குப் பதில் வரிகளையே எடுத்துவிட்டார்கள்: செலவு வரி 1966, மரணச் சொத்து வரி 1985, நன்கொடை வரி 1998, செல்வ வரி 2015. கால்டார் சேர்த்துப் பின்னிய வலையில் பெரிய மீன் பக்கத்துக் கண்ணிகள் அறுந்தன. சம்பளப் பக்கம் மட்டும் இறுகிக்கொண்டே வந்தது.

இன்று அப்பனிடமிருந்து மகனுக்குப் பல கோடி சொத்து வந்தால், அப்படி வந்ததற்காக ஒரு பைசா வருமான வரி கிடையாது. கல்வெட்டுக்காரன் இதற்கு ‘இறையிலி’ என்று பெயர் வெட்டியிருப்பான். வெட்டியிருப்பதால் கண்ணுக்காவது தெரிந்திருக்கும். நம் காலத்து இறையிலிக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அதனால்தான் பி.டி. கட்டுகிறவரும் டி.டி.எஸ். கட்டுகிறவரும் பேருந்துச் சீட்டைப் பார்த்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.