தக்காளி விலை ஏறுவதும் இறங்குவதும் ஏன்?

சந்தைக்கு வரும் சரக்கும் வாங்குவோரின் தேவையும் சேர்ந்தே ஒரு பொருளின் விலையை முடிவு செய்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தக்காளி இதற்குச் சரியான சான்று.

ராயக்கோட்டை மண்டியில் வரத்து குறைந்தால் வியாபாரிகள் போட்டி போட்டு ஏலம் கேட்பார்கள், விலை ஏறும். பக்கத்திலுள்ள கோலாரிலும் விளைச்சல் குறைந்தால் இன்னும் ஏறும். அப்போது இதே மாவட்டத்துக் கல்லாவியில் ஒரு கிலோ வாங்குபவர் அரைக்கிலோவோடு நிறுத்திக்கொள்வார். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது.

விலை ஏறியதைப் பார்த்துப் பலரும் ஒரே நேரத்தில் நாற்று நடுகிறார்கள். இரண்டு, மூன்று மாதத்தில் எல்லார் காயும் ஒன்றாக வந்து குவிகிறது; விலை சரிகிறது. தக்காளியை நெல்லைப் போல மூட்டை கட்டி வைக்க முடியாது. பழுத்தது சில நாளில் அழுகிவிடும். கிடைக்கும் விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாதபோது பழம் செடியிலேயே விடப்படுகிறது. அடுத்த போகத்தில் நடவு குறைகிறது. விலை மீண்டும் ஏறுகிறது.

குளிர்பதனக் கிடங்கும், தக்காளிக்கூழ் ஆலையும், நடவுப் பரப்பு பற்றிய முன்தகவலும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும்.