மடிப்பைக் கெடுப்பது மடிப்பு அல்ல

அமெரிக்காவில் பறக்கும் களிமண் தட்டுகளைக் குறிவைத்துச் சுடும் விளையாட்டுக்காரர்களில் பலர், சுட்டு முடித்த ஷாட்கன் தோட்டாக்களின் காலிக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் வீட்டிலேயே மீண்டும் நிரப்புகிறார்கள். (இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம், அங்கே அது விடுமுறைப் பொழுதுபோக்கு.) மேசையில் பொருத்திய கைப்பிடி இயந்திரம் மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைச் செருகுகிறது. அளந்த வெடிமருந்து விழுகிறது. அதன்மேல் பிளாஸ்டிக் தக்கை. தக்கையின் கிண்ணத்துக்குள் ஈயக் குண்டுகள். கடைசியில் கூட்டின் வாய் ஆறு அல்லது எட்டு மடிப்பாக உள்நோக்கி மடங்கி மூடிக்கொள்கிறது. தொல்லை கண்ணில் படுவது இந்த இடத்தில்தான்: நடுவில் ஓட்டை, குழி, புடைப்பு, முறுக்கு. உடனே மடிப்பு அச்சைத் திருகிப் பார்க்கவே கை போகும். கோளாறோ பெரும்பாலும் அதற்குக் கீழே, அடுக்கிய சரக்கின் உயரத்தில் இருக்கிறது.

12 போர் என்ற குழல் அளவுக்கான தோட்டாவுக்குச் சொல்லப்படும் 70 மி.மீ. என்பது சுட்டபின் விரிந்த கூட்டின் நீளம். மூடிய தோட்டா ஏறக்குறைய 58 மி.மீ.தான், மீதிச் சுவர் மடிப்பாகிவிடுகிறது. கூட்டின் உள் ஆரம் 9 மி.மீ.யை ஒட்டியது என்பதால் மடிப்புகள் மையத்தில் சந்தித்துச் சற்றே பதியப் போதுமான சுவர் உண்டு, தாராளம் இல்லை. கொழுக்கட்டையில் பூரணம் அதிகமானால் சொப்பின் உச்சி கூடாதல்லவா, அதே கதைதான். சரக்கு உயர்ந்தால் மடிப்புகள் மையத்தை எட்டாமல் ஓட்டை விழும். 9ஆம் எண் குண்டின் விட்டம் 2 மி.மீ.தான், சிறு ஓட்டை வழியாகவே அது உருண்டு வெளியேறிவிடும். சரக்கு தாழ்ந்தால் தாங்க ஏதுமின்றி மடிப்பு குழிந்து போகும். மிஞ்சிய பிளாஸ்டிக் இடம் தேடி முறுக்கிக்கொள்வதும் உண்டு. ஒரே அளவு மருந்தும் குண்டும் போட்டும் ஒரு கூடு அழகாக மூடிக்கொள்ள, இன்னொன்று குழிவதன் காரணமும் இதுதான். ரெமிங்டன் எஸ்.டி.எஸ். கூடு உள்ளே அடிநோக்கிக் குறுகும். ஃபெடரல் கோல்டு மெடல் நேர்ச்சுவர் கொண்டது, உள்ளிடம் அதிகம். முன்னதற்கு வாங்கிய தக்கை பின்னதில் தாழ உட்கார்ந்துவிடும்.

சுட்டதும் திறந்துவிடப் போகும் மூடிக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். புகையில்லா மருந்து அழுத்தம் ஏற ஏற வேகமாக எரிவது. தொடக்கத்தில் மடிப்பு தரும் தடை இருந்தால்தான் அது சீராகப் பற்றும். மடிப்பு தளர்ந்தால், குறிப்பாகக் குளிர்நாளில், மருந்து அரைகுறையாக எரிந்து வெடி 'புஸ்' என்று அடங்கும். தக்கை குழலுக்குள்ளேயே நின்றுவிட்டதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். அளவுக்கு மீறி ஆழமாக மடித்தால் அழுத்தம் எகிறும். அமெரிக்கத் தரவரையறையில் 12 போர் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. 60,000 வரை தாங்கும் ரைஃபிளோடு ஒப்பிட்டால் ஷாட்கன் மெல்லிய சுவர்க்காரன்.

உயரம்தான் பிரச்சினை என்றால் மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் போயிற்று என்பது ஆபத்தான குறுக்குவழி. மருந்தின் எடை உயரத்தை நிரப்புவதற்காக வைத்ததல்ல. மாற்ற வேண்டியது தக்கையையோ கூட்டையோ; அதுவும் வெடிமருந்து நிறுவனம் சோதித்து வெளியிட்ட அட்டவணையில் அந்தச் சேர்க்கை அப்படியே இருந்தால் மட்டும்.

இயந்திரத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எட்டு மடிப்புக் கூட்டில் ஆறு மடிப்பு அச்சை இறக்கினால் பழைய தடங்களோடு புதியவை மோதி வாய் கசங்கும். அச்சு தடத்தோடு சரியாகப் பொருந்தாவிட்டால் முறுக்கு வரும். ஆனால் அச்சின் தவறு வரிசையாக எல்லாத் தோட்டாவிலும் தெரியும். பத்தில் இரண்டு மட்டும் கெடுகிறது என்றால், அச்சைத் தொடும் முன் அந்த இரண்டும் எந்தக் கூடு, எத்தனை முறை நிரப்பியது என்று பார்ப்பதே சரி. பலமுறை சுட்ட வாய் சூட்டில் விறைப்பிழந்து போயிருந்தால், எந்த அச்சாலும் அதை மூடி நிறுத்த முடியாது.