அந்த முடிவு யாருக்கு?

ஆராய்ச்சி முடிவு ஒன்று காலைப் பத்திரிகையில் வந்தால், மதியத்துக்குள் அது என் கடைக்கு வந்துவிடும். பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "இந்த மாத்திரையால மறதி வருமாமே?" "காபி குடிச்சா ஈரலுக்கு நல்லதாமே?" என்று யாராவது கேட்காத வாரம் கிடையாது. கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேட்காமல், சீட்டில் உள்ள ஐந்து மாத்திரையில் ஒன்றைத் தாங்களாகவே கழித்துவிட்டு மீதி நான்கை வாங்கிப்போகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் கவலை.

படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதில் இல்லை. தலைமையாசிரியரும் செய்கிறார், பூக்கடைக்காரரும் செய்கிறார். செய்தியை நம்பி, தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள உடனே ஏதோ ஒன்றைச் செய்கிறார்கள். அந்த அக்கறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆராய்ச்சியும் குறிப்பிட்ட சிலரிடம், குறிப்பிட்ட நிலையில், குறிப்பிட்ட அளவில் செய்யப்படுகிறது. செய்தியாகி ஊர் சுற்றி வருவதற்குள் அந்த விவரமெல்லாம் உதிர்ந்து, 'நல்லது' அல்லது 'கெட்டது' என்பது மட்டும் மிஞ்சுகிறது.

ஆஸ்பிரினை நிறுத்தியவர்

2018 செப்டம்பரில் ஆஸ்பிரின் பற்றிய பெரிய ஆராய்ச்சி ஒன்று வெளியானது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலுமாக 19,114 முதியவர்கள். பெரும்பாலோர் 70 வயதைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்குத் தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் நலமாக வாழவில்லை. பெரிய அளவிலான ரத்தக்கசிவு மட்டும் நூற்றுக்கு 2.8 பேர் என்பதிலிருந்து 3.8 பேராகக் கூடியிருந்தது. அடுத்த மார்ச்சில் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் தங்கள் வழிகாட்டுதலைத் திருத்தின. தினசரி ஆஸ்பிரினால் பயனில்லை என்ற அளவில் செய்தி நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் மாதப் பிறப்பில் மஞ்சள் பையோடு வருவார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அந்த முறை சீட்டை மேசையில் விரித்து, முதல் வரியின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இது மட்டும் வேண்டாம். மத்ததெல்லாம் ஒரு மாசத்துக்குக் குடு."

"ஏன் ஐயா, டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"டாக்டர் எங்கம்மா சொல்றாரு? பேப்பர்லயே போட்டுட்டான். உள்ளுக்குள்ள ரத்தம் கசியுமாம். நான் போன வாரமே நிறுத்திட்டேன்."

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாயை விரித்துப் பிடித்திருக்கும் உலோக வலை. அதன்மேல் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாகாமல் தடுப்பதுதான் அவர் சீட்டில் இருந்த ஆஸ்பிரினின் வேலை. அதை அவராக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். "அந்த ஆராய்ச்சியில உங்களை மாதிரி ஒருத்தர்கூட இல்லை ஐயா. இதயநோயே இல்லாதவங்களை மட்டும் பார்த்து எடுத்தாங்க. மாரடைப்பு வராதவங்க வராமலிருக்க சாப்பிடணுமான்னுதான் கேள்வி. வந்தவங்களைப் பத்தி அவங்க பேசவே இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அதைச் சேர்த்துப் போட வேண்டியதுதானே?" என்றார்.

நியாயமான கேள்வி. கடையிலிருந்தே அவருடைய டாக்டருக்குப் பேசிக் கொடுத்தேன். அன்று இரவே மாத்திரையைத் தொடங்கச் சொன்னார் டாக்டர்.

36 பேரை நம்பி

2020 மார்ச்சில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. நிறுத்துவதற்குப் பதில் வாங்கிக் குவித்தார்கள். பிரான்சின் மார்செய் நகரிலிருந்து ஓர் ஆராய்ச்சி: ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்த கொரோனா நோயாளிகளின் மூக்கிலிருந்து கிருமி சீக்கிரம் மறைந்தது என்றது அது. அமெரிக்க அதிபர் டிரம்ப் அந்த மருந்தைப் புகழ்ந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மருத்துவப் பணியாளர்களும் நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. இரண்டே நாளில் என் கடையில் ஓர் அட்டைகூட இல்லை. ஸ்டாக்கிஸ்டிடமும் இல்லை.

அந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள். முடக்குவாத மூட்டுவலிக்காரர்கள், லூபஸ் நோயாளிகள். லூபஸில் உடம்பின் எதிர்ப்பாற்றல் உடம்பையே தாக்கும்; அதை அடக்கி வைப்பது இந்த மாத்திரை. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா, ஊரடங்கில் போலீஸ்காரரிடம் சீட்டைக் காட்டிக் காட்டி அதிராம்பட்டினத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். "நாலு நாளைக்குத்தான் இருக்கு" என்றார். அவர் பெண்ணின் மாத்திரை யார் யார் வீட்டு அலமாரியிலோ பிரிக்காமல் கிடந்தது. மார்ச் முடிவதற்குள் மத்திய அரசு அதை ஹெச்1 பட்டியலில் உள்ள மருந்துகளைப் போலவே விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதன் பிறகே தட்டுப்பாடு மெல்லக் குறைந்தது.

அந்தப் பிரெஞ்சு ஆராய்ச்சியில் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? கணக்கில் வந்தவர்கள் 36 பேர். மருந்து எடுத்தவர்கள் 20, எடுக்காதவர்கள் 16. உண்மையில் 26 பேருக்கு மருந்து தொடங்கியிருந்தார்கள். அதில் 6 பேர் முடிவில் சேர்க்கப்படவில்லை. அந்த ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்துபோனவர். இந்த விவரம் எதுவும் ரகசியமல்ல. அந்தக் கட்டுரையிலேயே இருந்தது.

ஜூனில் இங்கிலாந்தின் 'ரெகவரி' ஆய்வு பதில் சொன்னது. இந்த மருந்து கொடுத்த 1,561 பேரையும் வழக்கமான சிகிச்சை பெற்ற 3,155 பேரையும் ஒப்பிட்டார்கள். 28 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 27 சதவீதம், இரண்டாம் பிரிவில் 25 சதவீதம். மருந்தால் பலன் இல்லை. மார்செய் கட்டுரையை 2024 டிசம்பரில் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

உயிர் காத்ததும் அதே ஆய்வு

ஆராய்ச்சிகளையே நம்பக் கூடாது என்று இதை வைத்து யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அதே ரெகவரி ஆய்வுதான், அதே ஜூன் மாதத்தில், டெக்ஸாமெதசோன் உயிரைக் காக்கும் என்று நிரூபித்தது. பல பத்தாண்டுகளாக எல்லாக் கடைகளிலும் இருக்கும் மலிவான ஸ்டீராய்டு அது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வென்டிலேட்டரில் இருக்கும் எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் பிழைக்கும் என்று கணக்கிட்டார்கள். உலகம் முழுவதும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஆய்வு பெற்றவர்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு வரி இருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு இந்த மருந்தால் பலன் இல்லை. கெடுதல் இருக்கவும் கூடும். 2021 இரண்டாம் அலையில், காய்ச்சல் வந்த முதல் நாளே டெக்ஸா கேட்டு வந்தார்கள். "டி.வி.யிலயே சொல்றாங்க, நீ ஏன் தரமாட்டேங்குற?" என்று என்னோடு சண்டை போட்டார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பாற்றலை இறக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் தேவையில்லாமல் அது சேர்ந்தபோது கருப்புப் பூஞ்சைக்கு வழி திறந்தது. அந்த அலையில் நாடு முழுவதும் 45,000 பேருக்கு மேல் அந்த நோய் வந்தது. பலர் கண்ணை இழந்தார்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டால், நல்ல ஆராய்ச்சிகூட ஆளைக் கெடுத்துவிடும்.

இரண்டு மடங்கு என்றால் எவ்வளவு?

பயமுறுத்தும் முடிவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள், காலில் அல்லது நுரையீரலில் ரத்தம் உறையும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்றது. கேட்ட பெண்கள் பதறினார்கள். பலர் மாத்திரையை நிறுத்தினார்கள்.

எத்தனை பேருக்கு இரண்டு மடங்கு? ஜெர்மன் உளவியல் அறிஞர் கெர்ட் கிகெரென்சர் இதை விளக்கியிருக்கிறார். பழைய மாத்திரை எடுத்த 7,000 பெண்களில் ஒருவருக்கு ரத்தம் உறைந்தது. புதிய மாத்திரையில் 7,000 பேரில் இருவருக்கு. ஒன்று இரண்டானால் இரண்டு மடங்குதான், பொய்யில்லை. ஆனால் 7,000 என்ற எண்ணைச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பதறியிருப்பார்கள்? அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்பது மதிப்பீடு. மாத்திரையைவிடக் கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்பதையும் அந்தப் பெண்களுக்கு உரிய நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே ஆராய்ச்சிச் செய்தி எதைப் படித்தாலும் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். யாரிடம் சோதித்தார்கள்: எலியிடமா, மனிதரிடமா, நோய் இல்லாதவரிடமா, உங்களைப் போன்றவரிடமா? எத்தனை பேரிடம்: 36 பேரிடமா, 19,000 பேரிடமா? கூடியது, குறைந்தது என்றால் எத்தனையிலிருந்து எத்தனை ஆனது? மூன்றுக்கும் செய்தியில் பதில் இல்லையென்றால், அதை வைத்து உங்கள் மாத்திரையில் கைவைக்காதீர்கள்.

செய்தி எழுதுபவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அந்தக் கண்டக்டர் கேட்டதுதான். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் கடைசிப் பத்தி வரை படித்துவிட்டு முடிவெடுப்பதில்லை. மருத்துவர்களும் "பேப்பர்ல வந்ததையெல்லாம் படிச்சுட்டு வராதீங்க" என்று விரட்ட வேண்டாம். விரட்டப்பட்டவர் அடுத்த முறை கேட்க மாட்டார், கேட்காமலே நிறுத்துவார்.

சந்தேகம் வந்தால் அந்தச் செய்தியையும் மருந்துச் சீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். அவர் ஊரில் இல்லையென்றால் உங்கள் மருந்துக்கடைக்காரரிடம் காட்டுங்கள். படித்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கொடுப்பது எங்கள் கடமை.