அஞ்சிய பூனைக்கு ஓர் அகம்

மனிதனை அண்டி வாழும் உயிர்களுள் பூனை தனி இயல்பு வாய்ந்தது. நாய் மனிதனை நம்பி வாழும். பசு மனிதனுக்குப் பயன்பட்டு வாழும். பூனையோ மனிதனை அளந்து பார்த்து, ஏற்புடையவன் என்று தான் தெளிந்தாலன்றி அவன் அருகே அமராது. பண்டைத் தமிழ் நூல்கள் இதனைப் பூசை என்றும் வெருகு என்றும் வழங்கும். வெருகு என்பது பெரும்பாலும் காட்டுப்பூனையைக் குறிக்கும். அதன் இளமைப் பெயர் குட்டி என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கின்றது. கம்பர் தம் பெருங்காப்பியத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த ஒரு பூனையைத் தமக்கு உவமையாக்கிக் கொண்டார். அப்பூனையின் துணிவு பெரிது. துணிவிழந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் பூனையைப் பாடிய புலவரை யான் கண்டிலேன். இப்பாடம் அத்தகைய பூனை ஒன்றுக்கு வீடு தேடித் தருவது எவ்வாறு என்பதைப் பற்றியது.

நீலகிரி மலையில் தெருப்பூனைகள் மிகுதி. உதகைக் கடைத்தெருவிலும், குன்னூர்ச் சந்தையின் இறைச்சிக் கடைகளைச் சுற்றியும், தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகளிலும் அவை பிறந்து வளர்கின்றன. சமவெளிப் பூனைக்கு இல்லாத ஓர் இடர் இவற்றிற்கு உண்டு. உதகை நகரம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தைத் திங்களில் புல்வெளிகளில் உறைபனி படியும். தாயை இழந்த குட்டி ஈர மயிரோடு ஓர் இரவைக் கழித்தால், விடியலில் அதன் கண்கள் பீளையால் ஒட்டிக்கொள்ளும். மூக்கில் சளி கட்டும். கோடையில் வந்து தங்குவோர் குழந்தைகளின் விளையாட்டுக்காகக் குட்டியை எடுத்து வளர்த்து, மலையிறங்கும் நாளில் வாயிலிலேயே விட்டுச் செல்வதும் உண்டு. இரண்டு திங்கள் மெத்தையில் உறங்கிய உயிர் அன்று மாலை தெருவில் நிற்கும். இது வெறும் இரக்கமின்மை மட்டுமன்று, சட்டப்படி குற்றமுமாகும். உருக்குமணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியைத் தொடர்ந்து 1960ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விலங்கு வதைத் தடைச் சட்டம், பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறும் நிலையில் ஓர் உயிரைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்றே கூறுகின்றது.

இவ்வாறு கைவிடப்பட்டவற்றை ஏற்று மருத்துவம் செய்யும் காப்பகங்கள் நாட்டில் பல உள. சென்னையில் 1959ஆம் ஆண்டில் தோன்றிய புளூ கிராஸ் அவற்றுள் பெயர் பெற்றது. நீலகிரியிலும் மசினகுடியை அடுத்த மாவனல்லாவில் நோயுற்ற கழுதை, நாய், பூனை முதலியவற்றிற்கு ஒரு புகலிடம் அமைந்தது. காப்பகத்தார் உயிரைக் காக்கின்றனர். ஆயினும் காப்பகம் வீடு ஆகாது. குரைக்கும் நாய்கள், புதிய மணங்கள், நாள்தோறும் மாறும் முகங்கள், ஊசி, கூண்டு ஆகிய இவற்றினிடையே அஞ்சும் இயல்புடைய பூனை கூண்டின் பின்மூலையில் சுவரை நோக்கிப் படுத்துவிடும். வீட்டிற்கு ஒரு பூனை வேண்டி வருவோர் எதைத் தேர்வர்? கம்பியிடையே கையை நீட்டி விளையாடும் குட்டியைத்தான். முதுகு காட்டிக் கிடக்கும் மூக்கடைத்த பூனையை ஒரு கணம் பார்த்துவிட்டு நகர்ந்து விடுவர்.

இங்கே ஒரு சுழல் இருக்கின்றது. மாணவர்கள் இதனைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். பூனைகளுக்கு வரும் சளிநோயின் காரணங்களுள் முதன்மையானது ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் வகை. பூனையைப் பற்றும் இக்கிருமி மனிதரைப் பற்றாது. ஒருமுறை உடலில் புகுந்தால், நோய் தணிந்த பின்னும் நரம்பு முடிச்சுகளில் அடங்கிக் கிடக்கும். அச்சமும் மன அழுத்தமும் மிகும்போது மீண்டும் எழும். தும்மல், கண்ணீர், கண்ணில் புண் என்று வெளிப்படும். ஆகவே கூண்டில் உள்ள பூனை அஞ்சுவதால் நோயுறுகின்றது. நோயுறுவதால் எவரும் அதனை ஏற்பதில்லை. ஏற்பார் இன்மையால் கூண்டிலேயே இருந்து மேலும் அஞ்சுகின்றது. "முதலில் நோய் நீங்கட்டும், பிறகு வீடு தேடலாம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர் பலர். இத்தகைய பூனைக்கு அம்முறை பொருந்தாது. உயிருக்கு இடரான நிலை கடந்து, மருத்துவர் இசைவளித்த பின், அமைதியான ஓர் அறையே அதற்கு மீதி மருந்து.

அச்சம் எல்லாம் ஒரு வகையின அல்ல என்பதையும் அறிதல் வேண்டும். பூனைக்குட்டி பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையிலான காலத்தில் மனிதரின் கையும் குரலும் பழகினால் வாழ்நாள் முழுதும் அப்பழக்கம் நிற்கும். அக்காலத்தில் மனிதரையே காணாது காட்டோரத்தில் வளர்ந்த பூனையைப் பின்னர் வீட்டில் அடைப்பது அதற்குச் சிறையே. கருத்தடை அறுவையும் தடுப்பூசியும் செய்து, நாள்தோறும் உணவு வைக்கும் ஒருவரது மாட்டுக்கொட்டிலிலோ விறகுக்கொட்டகையிலோ விடுவதே அதற்கு உற்ற வீடு. முன்பு வீட்டில் வாழ்ந்து கைவிடப்பட்ட பூனையின் அச்சம் வேறு. பகலில் சீறும்; ஆயினும் இரவில் ஆளரவம் அடங்கியபின் கம்பியருகே வந்து அமர்ந்திருக்கும். இவ்வேறுபாட்டைக் கூண்டைத் துடைக்கும் பணியாளரே நன்கு அறிவர். அவரைக் கேட்காமல் முடிவு செய்தல் தவறு.

வீடு தேடுவோர் முதலிற் செய்யத்தக்கது உண்மை கூறல். "சற்றுக் கூச்சமுள்ள பூனை" என்று மழுப்பி அனுப்பினால், நான்காம் நாளே அது கூடையோடு திரும்பி வரும். அதன்பின் அதன் அச்சம் இரு மடங்காகும். எந்நோய், என்ன மருந்து, எத்தனை வேளை, மீண்டும் வருமா என்பனவற்றை எழுதியே கொடுத்தல் வேண்டும். சில பூனைகளுக்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ஒரு வைரஸ் இருக்கும். 1986ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட இது பூனைகளிடையே பெரும்பாலும் ஆழ்ந்த கடியால் பரவும், மனிதருக்குப் பரவாது. இதனைத் தாங்கிய பூனை வீட்டுக்குள் அமைதியாகப் பல்லாண்டு வாழக்கூடும். பெயரைக் கேட்டு அஞ்சுவோர்க்கு இதை விளக்கிச் சொல்வதும் காப்பகத்தாரின் கடமை. ஏற்பவரையும் வினவுதல் வேண்டும். வீட்டில் நாய் உண்டா? ஓடியாடும் சிறு குழந்தைகள் உளரா? ஊர் மாற்றல் ஆகும் பணியா? ஓசை குறைந்த வீட்டில் தனித்து வாழும் முதியோர் பலர் இத்தகைய பூனைக்கு நல்ல துணையாவர்.

வழிப்பயணத்தைப் பற்றி ஒரு சொல். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் மனிதருக்கே தலை சுற்றும். கூடையைத் துணியால் மூடி, உள்ளே அப்பூனை படுத்திருந்த பழந்துணியையே விரித்தல் நலம். தன் மணம் தன்னோடு வருவது அதற்கு ஆறுதல்.

வந்தபின் வீடு முழுவதையும் திறந்து காட்டலாகாது. ஓர் அறை போதும். அறையில் ஒரு புறம் மணல் தட்டு, எதிர்ப்புறம் உணவும் நீரும், நடுவே ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டி என்றதும் நகைக்க வேண்டா. நெதர்லாந்து நாட்டில் காப்பகம் ஒன்றிற்குப் புதிதாக வந்த 19 பூனைகளுள் சிலவற்றிற்கு மட்டும் ஒளியும் பெட்டி கொடுத்து ஆராய்ந்தனர். பெட்டி பெற்றவை சில நாட்களுக்குள்ளேயே மற்றவற்றினும் விரைவாக அமைதியுற்றன என்று 2014இல் வெளியான அவ்வாய்வு கூறுகின்றது. ஒளிய இடமிருப்பதை அறிந்த உயிரே வெளியே வரத் துணிகின்றது.

அடுத்தது உணவு. பூனை நாவினும் மூக்கையே நம்பி உண்ணும். சளியால் மூக்கடைத்த பூனைக்கு உணவின் மணம் தெரியாது, பசித்தும் உண்ணாது. மத்தி மீனை உப்பின்றி வேகவைத்து, முள் நீக்கி, இளஞ்சூட்டோடு வைத்தால் மணம் எழும். பசும்பால் பூனைக்கு உகந்தது என்பது நம் நாட்டில் வேரூன்றிய எண்ணம். வளர்ந்த பூனைகள் பலவற்றிற்கு அது செரியாது, வயிற்றுப்போக்கே உண்டாகும். இரண்டு நாள் ஒன்றும் உண்ணாதிருந்தால் காத்திருத்தல் கூடாது. கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே இடராகலாம். கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். காய்ச்சல் என்று எண்ணி நாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு கொடுப்போரும் உளர். பூனைக்கு அது நஞ்சு. ஒரு மாத்திரையே கொல்லப் போதும்.

பூனையைத் தொட விரைதல் ஆகாது. அறையில் தரையில் அமர்ந்து, அதனை நோக்காது, ஒரு நூலை மெல்லிய குரலில் படித்துக்கொண்டிருக்கலாம். (பாடம் படிக்க மாணவர்க்கு இதனினும் நல்ல அவையினர் கிடையார்.) உற்று நோக்குவது பூனையினத்தில் போருக்கு அழைப்பது போன்றது. அது பார்க்கும்போது கண்களை மெல்லச் சுருக்கி, மெல்ல மூடித் திறத்தல் வேண்டும். இவ்வாறு செய்வோரைப் பூனைகள் தாமும் கண் சுருக்கி ஏற்கின்றன என்றும், அவர் நீட்டிய கையை நாடுகின்றன என்றும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் ஆய்ந்து வெளியிட்டனர். நம் பாட்டிமார் ஆய்வின்றியே இதை அறிந்திருந்தனர் எனினும், அளந்து நிறுவியது நன்றே.

அஞ்சிய பூனை கடிக்கவும் பிறாண்டவும் கூடும். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு காயத்தைக் கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வெறிநோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் வரும். இம்மலையோடு அந்நோய்க்கு ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. 1902ஆம் ஆண்டில் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண்மணி வெறிநாய்க் கடியால் இறந்தார். அந்நாளில் தடுப்பு மருத்துவம் பெற வடக்கே தொலைவிலுள்ள கசௌலிக்குச் செல்ல வேண்டியிருந்தது. தென்னாட்டிற்கு ஒரு நிலையம் தேவை என்னும் உணர்வை அச்சாவு வலுப்படுத்தியது. ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் நல்கிய பொருளும் துணையாக, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அது இன்றும் அந்நகரில் உள்ளது.

மூன்று வாரமோ மூன்று திங்களோ கழித்து ஓர் இரவில் பூனை தானே வந்து காலருகே அமரும். அதன்பின்னும் இம்மலையில் அதனை வெளியே உலவ விடுதல் நன்றன்று. தேயிலைப் புதர்களினூடே இரவில் சிறுத்தை திரியும். பூனையும் தன் பங்கிற்கு, இம்மலைக்கே உரிய நீலகிரிச் சிரிப்பான் போன்ற பறவைகளை வேட்டையாடும். சன்னலோரத்தில் வெயில் படும் ஓர் இருக்கை அதற்குப் போதும்.

சில திங்கள் கழித்துக் காப்பகத்தார் ஒருவர் வந்து பார்ப்பது வழக்கம். கண் தெளிந்து, மயிர் பளபளத்து, மடியில் உறங்கிக்கொண்டிருந்த பூனை அவரைக் கண்டதும் கட்டிலின் அடியில் பாய்ந்து ஒளிந்தால் வியப்படைய வேண்டா. அவர் கையில் இருந்த ஊசியை அது மறந்திராது.