யாருக்கு இடம்?

நம் மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியில் படித்த ஷ்ரேயஸ் ஐயர், 2021 நவம்பரில் கான்பூரில் தம் முதல் டெஸ்டிலேயே 105, 65 ரன்கள் எடுத்தார். ஆனால் அடுத்து வந்த தென்னாப்பிரிக்கத் தொடரின் மூன்று டெஸ்டுகளிலும் அவருக்கு இடமில்லை. நெடுநாளாகத் தடுமாறிய புஜாராவும் ரஹானேவும் மூன்றிலும் ஆடினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் இருவரும் அடித்த அரைச்சதம், கேப் டவுனிலும் அவர்கள் இடத்தைக் காப்பாற்றியது. அங்கே ரஹானே எடுத்தது 9, 1.

ஒரு இன்னிங்ஸை வைத்து ஆளைச் சேர்ப்பதும் தவறு, நீக்குவதும் தவறு. நீண்ட காலக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். 2022 பிப்ரவரியில் இருவரும் நீக்கப்பட்டார்கள். பெங்களூரில் ஷ்ரேயஸ் 92, 67 அடித்தார். மும்பைக்காக ரஞ்சி ஆடிய ரஹானே, முதுகுக் காயத்தால் ஷ்ரேயஸ் ஆட முடியாத 2023 ஜூனில் திரும்பி வந்து, ஓவலில் 89, 46 எடுத்தார்.

உட்கார வைப்பது அவமானமல்ல. மைதானத்தில் தண்ணீர் சுமந்து காத்திருக்கும் பிள்ளைக்கு அது நியாயம்.