விலையில்லாக் கொசுவலை வீணாகுமா?

பாடநூல், சீருடை, மிதிவண்டி என அரசின் விலையில்லாப் பொருள்கள் நம் கை வழியாகவே மாணவர்களைச் சென்றடைகின்றன. "சும்மா கிடைத்தால் மதிக்கமாட்டார்கள்" என்ற பேச்சும் நமக்குப் பழகியதே. விருத்தாசலம் அருகே நல்லூரில் அறிவியல் கற்பிக்கும் நான், மலேரியா பாடத்தின்போது இந்தப் பேச்சையே கேள்வியாக்கி மாணவர்களிடம் வைப்பதுண்டு: கொசுவலையை இலவசமாகக் கொடுத்தால் மக்கள் பயன்படுத்துவார்களா?

இக்கேள்வியைக் கென்யாவில் ஆராய்ந்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டவர்கள் ஜெசிக்கா கோஹன், பாஸ்கலின் துப்பா என்ற பொருளியலாளர்கள். கர்ப்பிணிகளுக்கான மருத்துவ நிலையங்கள் சிலவற்றில் வலையை இலவசமாகவும், சிலவற்றில் சலுகை விலையிலும் கொடுத்துப் பார்த்தனர். விலை சுழியிலிருந்து 60 அமெரிக்க சென்ட் ஆனதுமே, வலை பெற்றவர்களின் அளவு 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள், இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தவும் இல்லை. சிறு தொகைகூட ஏழைத் தாயை வலையிலிருந்து விலக்கிவிடும் என்பதே இதில் தெளிவானது.

எல்லோருக்கும் கொடுப்பதற்கு அறிவியல் காரணமும் உண்டு. மலேரியாவைப் பரப்பும் பெண் அனோபிலிஸ் கொசு, பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். நீடித்த பயனுள்ள கொசுவலையின் இழையிலேயே பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி சேர்க்கப்பட்டிருக்கும். ஆளைத் தேடி வரும் கொசு வலையில் அமர்ந்தால் மடியும். ஊரில் பெரும்பாலோர் வலைக்குள் தூங்கினால் கொசுவின் எண்ணிக்கையும் ஆயுளும் குறைந்து, வலையில்லாத வீட்டுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். தடுப்பூசி போல இதுவும் ஊர் முழுமைக்குமான காப்பு.

நம் நாட்டில் ஒடிசா இதற்குச் சான்று. 2017இல் அங்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வலைகள் இலவசமாக வழங்கப்பட்டன. அவ்வாண்டு ஏறத்தாழ மூன்றரை இலட்சமாக இருந்த மலேரியா பாதிப்பு, 2018இல் 70 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. வலை மட்டுமே இதைச் செய்யவில்லை. தொலைதூரக் கிராமங்களில் இரத்தப் பரிசோதனை முகாம், உடனடிச் சிகிச்சை, வீடுகளில் மருந்துத் தெளிப்பு ஆகியவையும் சேர்ந்தே நடந்தன.

நம் பகுதியில் கொசு என்றதும் டெங்கு பற்றிய பேச்சே முந்துகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதற்கு முதல் தேவை, தேங்கும் நீரை அகற்றுவதும் தொட்டிகளை மூடுவதும். பகலில் தூங்கும் குழந்தைக்கு மட்டும் வலை அப்போதும் உதவும். இந்த வேறுபாட்டைக் குழந்தைகள் அறிய வேண்டும். மலேரியா மிகுந்த மாநிலங்களிலிருந்து வேலை முடித்துத் திரும்புவோரின் இரத்தத்தில் கிருமி இருந்தால், இங்குள்ள அனோபிலிஸ் அதைப் பரப்பிவிடும். 2030க்குள் மலேரியாவை ஒழிப்பது நாட்டின் இலக்கு. பாதிப்பு குறைந்த ஊரும் விழிப்போடிருந்தால்தான் அது கைகூடும்.

வலையைக் கொடுப்பது அரசின் வேலை; அது பெட்டியிலேயே கிடக்காமல் பார்த்துக்கொள்வதில் பள்ளிக்குப் பங்குண்டு. புழுக்கம், கட்ட ஆணி இல்லாமை, வாசலில் படுக்கும் வழக்கம் என ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும். "ஏன் கட்டவில்லை?" என்று கடிந்து கேட்டால் மாணவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். "நேற்றிரவு வீட்டில் எத்தனை பேர் தூங்கினார்கள், எத்தனை பேர் வலைக்குள்?" என்று ஒரு வாரம் குறித்துவரச் சொல்லலாம். பெயரில்லாமல் தொகுத்தால் அதுவே கணக்குப் பாடத்தில் பட்டை வரைபடமாகும். எந்தக் காரணத்தை முதலில் தீர்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

வலை பராமரிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதிய வலையை ஒருநாள் நிழலில் காற்றாட விட வேண்டும். மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலும் வெளுப்புத்தூளும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். மீன்களுக்கு நஞ்சாகும் என்பதால் ஏரி, குளத்தில் துவைக்கக் கூடாது. கிழிசலைத் தைத்து, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும். இவ்வளவும் செய்தால் ஒரு வலை ஏறத்தாழ மூன்றாண்டு காக்கும். வலை இருந்தாலும், குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் நினைவூட்டுவோம்.